கேட்காமல் அடித்த பெயர்கள்

பிப்ரவரி 12, புதன்

விடியலில் பனி. எட்டு மணிக்கே வெயில் சுள்ளென்று. கரும்பு டிராக்டர்கள் சாலையை அடைத்து நின்றதில் கல்லூரிக்குப் பத்து நிமிடம் தாமதம். நாற்பத்தாறு வயதில் மாணவி மாதிரி ஓட்டம்.

இன்றைய வேலைகள்: இரண்டாம் ஆண்டு ரெக்கார்டு திருத்தம் (பாதி). கேஸ் சிலிண்டர் பதிவு (மறந்தேன்). உளுந்து ஊறப்போட்டது (இது மட்டும் நினைவிருந்தது, ஆச்சரியம்).

மதியம் புதன் கூட்டம். இடம் வழக்கம்போல் எங்கள் தாவரவியல் துறையில் உலர்செடிகள் வைக்கும் அறை. நாப்தலின் நெடிக்கு வேறு யாரும் எட்டிப் பார்ப்பதில்லை, அதுவே வசதி. இரண்டு வருடம் முன்பு ஒரு பயிலரங்கம் நடத்தி, அறிவியல் துறைப் பெண் ஆசிரியர்கள் ஒருவருக்கொருவர் துணை நிற்க வேண்டும் என்று சொல்லி, 'சக வழிகாட்டல் குழு' என்று பெயரும் வைத்தார்கள். அன்று பதினொரு பேர். போட்டோ எடுத்து முடித்ததும் ஆறு. இப்போது மூன்று. நான், வேதியியல் நஸ்ரீன், இயற்பியல் கவிதா. மூன்று பேருக்கு எதற்குக் குழு என்று கேட்கிறவர்கள் கேட்கட்டும். போன வருடம் கவிதா வேலையை விட்டுவிடாமல் இருந்தது இந்த அறையால்தான்.

சுவரில் விதிகள், என் கையெழுத்தில்:
1. ஒருவர் பேசும் பத்து நிமிடம் மற்றவர்கள் வாய் திறக்கக் கூடாது. (டைமர் உண்டு.)
2. இங்கே பேசியது இங்கேயே.
3. கேட்காமல் அறிவுரை கூடாது.

மூன்றாவதை அதிகம் மீறுவது எழுதியவளேதான். அபராதம், வேர்க்கடலை உரித்துக் கொடுப்பது. கவிதா நைனார்பாளையத்திலிருந்து தினம் பஸ்ஸில் வருகிறவள். சொந்தக் கொல்லையில் விளைந்த கடலையைப் பையோடு கொண்டுவருவாள். என் விரல் நகமெல்லாம் மண்.

இந்த வாரம் சுயமதிப்பீட்டுப் படிவம். 24ஆம் தேதி திங்கள் நான்கு மணிக்குள் அலுவலகத்தில் தர வேண்டும். எனக்கும் கவிதாவுக்கும் வருடாவருடம் நிரப்பும் காகிதம்தான். நஸ்ரீனுக்கு அப்படியில்லை. இணைப் பேராசிரியர் பதவி உயர்வு அதில் இருக்கிறது. போன தடவை அவள் தானே எழுதினாள். தனியாக நின்று அமைத்த நீர்ப் பரிசோதனைக் கூடத்துக்கு "அமைக்க உதவினேன்" என்று எழுதியிருந்தாள்! உயர்வு வரவில்லை. அன்றிலிருந்து எங்களிடம் ஒரு வழக்கம். அவரவர் படிவத்தை அவரவர் எழுதக் கூடாது. சீட்டுக் குலுக்கி மாற்றிக்கொள்வது. பழைய பதிவேடெல்லாம் தேடி, அடுத்தவள் செய்ததை அப்படியே எழுத வேண்டும்.

சீட்டு: எனக்கு நஸ்ரீன். நஸ்ரீனுக்குக் கவிதா. கவிதாவுக்கு நான்.

"வளர்மதியக்கா, உங்களுத எழுத ரெண்டு நோட்டு வேணும் போலக்கீதே" என்றாள் கவிதா. உள்ளுக்குள் பெருமைதான். மறைப்பானேன்.

பிப்ரவரி 13, வியாழன்

வெயில். தொண்டை கரகர.

நஸ்ரீன் படிவத்தை எழுத உட்கார்ந்தேன். கட்டுரைகள் சரி. ஆய்வகம் சரி. வகுப்பு, வழிகாட்டிய மாணவர்கள், எல்லாம் நிறைவு. ஒரு கட்டம் மட்டும் காலி: 'களப்பயணத் தலைமை.' ஒன்றாவது இருக்க வேண்டும். தண்ணீரைப் பற்றி ஆராய்கிறவள், கல்வராயன் மலை ஊற்றுகளைப் பற்றி மூன்று வருடமாகப் பேசுகிறவள், ஒரு தடவை கூட மலைக்குப் போகவில்லையா? சேகர் சார்தான் போய்க்கொண்டிருக்கிறார். அவரும் வேதியியல்தான், துறைத்தலைவர், ஆனால் தண்ணீர் அவர் ஆராய்ச்சியே இல்லை.

சேகர் சார் மேல் வந்தது பாருங்கள் ஒரு கோபம். இந்த மனிதன்தான் அவளை ஒதுக்குகிறார், ஆதாரத்தோடு பிடிக்கிறேன் என்று பழைய பட்டியல்களை எடுக்கப் போனேன். களப்பயண ஒருங்கிணைப்பாளர் நான்தான், ஆறு வருடமாக. கோப்பு என் பீரோவிலேயே.

ஒவ்வொரு வருடமும் துறைகள் பெயர்களை அனுப்பியிருக்கின்றன. வேதியியலில் முதல் பெயர் நஸ்ரீன். சேகர் சாரே அனுப்பியது, அவர் கையெழுத்தோடு. அதன்மேல் சிவப்புப் பென்சில் கோடு. ஓரத்தில் 'கைக்குழந்தை, வேண்டாம்.' அடுத்த வருடம் 'குழந்தை சிறியது.' அதற்கடுத்து 'மாமியாருக்கு உடம்பு சரியில்லை.'

மூன்றும் என் கையெழுத்து.

வேறு பெயர்களும். கணிதம் ராஜேஸ்வரி மேடம், 'முட்டிவலி.' விலங்கியலில் ஒருத்தி, 'புதுக் கல்யாணம்.' ஆண்கள் பெயரில் ஒரு கோடு கூட இல்லை.

கதவைத் தாழ் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நான்காம் பீரியட் வகுப்பு இருந்தது மறந்தே போயிற்று. மாணவிகள் வந்து தட்டினார்கள்.

பிப்ரவரி 14, வெள்ளி

எழுதவே பிடிக்கவில்லை. எழுதுகிறேன்.

காலை பதினொன்றுக்குக் கவிதா வந்தாள். "அக்கா, உங்க களப்பயணக் கோப்பு குடுங்க. ஆறு வருசம் பட்டியல் போட்டீங்க இல்ல, அதெல்லாம் உங்க படிவத்துல ஏத்தணும்."

"எங்க வெச்சேன்னு தெரியலியேடி. தேடிப் பாக்குறேன்."

கோப்பு என் முழங்கைக்குக் கீழே. அதன்மேல் டிபன் பாக்ஸ். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைப்பது என்பார்கள், நான் தயிர்சாதத்தால் மறைத்தேன். அவள் போய்விட்டாள். சந்தேகப்படக்கூட இல்லை. அதுதான் கஷ்டமாக இருந்தது.

பிப்ரவரி 16, ஞாயிறு

துணி, மிளகாய் காயவைத்தது, தலைக்கு எண்ணெய்.

என் மகள் பிறந்தபோது நான் வேறு கல்லூரியில் இருந்தேன். திரும்பிப் போனால் என் ஆய்வகத்தை வேறொருவருக்குக் கொடுத்திருந்தார்கள். "உனக்கு எதுக்கும்மா கஷ்டம்" என்றார் துறைத்தலைவர், உண்மையான பாசத்தோடு. கழிப்பறையில் போய் அழுதேன். இன்றும் அந்தப் பாசமான முகம் நினைவுக்கு வந்தால் பற்றிக்கொண்டு வரும். அதே பாசத்தோடுதான் நான் பென்சிலை எடுத்திருக்கிறேன். நஸ்ரீன் பஸ்ஸில் குழந்தையை விட்டுவிட்டு வருவாளே, பாவம் என்று.

இவரிடம் சொன்னேன். பேப்பரை விட்டுக் கண் எடுக்காமல், "நல்லதுக்குத்தான பண்ண, வுடு" என்றார். யாருக்கு நல்லது என்று கேட்டேன். விளையாட்டுச் செய்திப் பக்கத்தைத் திருப்பினார்.

ஒரு வழி தோன்றியிருக்கிறது. வரும் சனிக்கிழமை 22, மலைப் பயணம் இருக்கிறது. திங்கள்தான் படிவத்துக்குக் கடைசி. தலைமை என்று நஸ்ரீன் பெயரைப் போட்டுவிட்டால் கட்டம் நிறைந்துவிடும். பழையதை யாரும் கிளற வேண்டாம்.

பிப்ரவரி 17, திங்கள்

பட்டியல் ஒட்டியாயிற்று. 'தலைமை: முனைவர் நஸ்ரீன், வேதியியல்.' முதல்வரிடம் கையெழுத்து. சேகர் சாரே சந்தோஷப்பட்டார். "அப்பாடா, இந்த வருசமாவது எனக்கு வுடுதல. அந்தக் கொண்டை ஊசி வளைவுல எனக்கு வாந்தி வரும் மேடம், சொன்னா சிரிப்பீங்கன்னு சொல்லல." நல்ல மனிதர். வியாழக்கிழமை அவரை மனதுக்குள் என்னவெல்லாம் திட்டினேன்.

நஸ்ரீன் இன்று விடுப்பு. நாளை வந்து பார்த்து மகிழ்ந்துபோவாள். சாயங்காலம் எனக்கு நானே ஒரு காபி போட்டுக்கொண்டேன், ஸ்ட்ராங்காக.

பிப்ரவரி 18, செவ்வாய்

மகிழ்ந்துபோகவில்லை.

காலை ஒன்பதரைக்கு என் மேசை முன் நின்றாள். பர்தாவைக் கூடக் கழற்றவில்லை. "மேடம், யாரக் கேட்டு எம்பேரப் போட்டீங்க?"

அக்கா இல்லை. மேடம்.

அவள் வீட்டுக்காரருக்குக் கடைவீதியில் பாத்திரக்கடை. நேற்று மாலை ஒரு மாணவியின் அம்மா குக்கர் வாங்க வந்திருக்கிறார். கல்லாவில் நஸ்ரீனின் மாமி, அதாவது மாமியார். "உங்க மருமவ எங்க புள்ளைங்கள மலைக்கு இட்டுக்கினு போறாங்களாமே" என்று அந்த அம்மா கேட்க, மாமிக்கு ஒன்றும் தெரியவில்லை. கடையில் நான்கு பேர் நிற்கிறார்கள்.

"எங்க மாமி என்னாண்ட இன்னா கேட்டாங்க தெரியுமா? 'எங்கிட்ட சொல்ல மாட்டேன்னு இருந்துட்டியா, ரோட்டுல போறவங்க சொல்லி எனக்குத் தெரியணுமா'ன்னாங்க. எனக்கே தெரியாதுன்னு சொன்னா நம்புவாங்களா? சனிக்கெழம அவர் கும்பகோணம் போறாரு, சரக்கு எடுக்க. பாப்பாவ யார் பாத்துக்கிறது, ஸ்கூலுக்கு யார் வுடறது? ஒரு வார்த்த கேட்டா கொறஞ்சிடுவீங்களா?"

"உன் நல்லதுக்குத்தாம்மா..." என்று ஆரம்பித்துவிட்டேன். ஐயோ. அதே வார்த்தை.

போய்விட்டாள்.

இன்று வேறு எதுவும் எழுதுவதற்கில்லை. மாவு புளித்துப்போயிற்று.

பிப்ரவரி 19, புதன்

கூட்டத்துக்கு அவள் வரமாட்டாள் என்று நினைத்தேன். வந்தாள். என்னைப் பார்க்காமல் உட்கார்ந்து டைமரைத் திருகினாள். "யார் பேசறது?"

நான் என்றேன். கோப்பை மேசைமேல் வைத்தேன். "கவிதா, இது காணாமப் போகல. எங்கிட்டதான் இருந்தது. பொய் சொன்னேன்." பிறகு மூன்று தாள்களையும் நஸ்ரீன் பக்கம் திருப்பி வைத்தேன். சிவப்புக் கோடுகள். சொல்ல வேண்டியதெல்லாம் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிட்டது. மீதி எட்டு நிமிடம் டைமர் டிக் டிக் என்று ஓடிக்கொண்டே இருந்தது. விதிப்படி யாரும் பேசவில்லை. என் வாழ்வில் இவ்வளவு நீளமான எட்டு நிமிடம் பார்த்ததில்லை. விதியை எழுதிய கையை உடைக்கலாம் போலிருந்தது.

மணி அடித்ததும் நஸ்ரீன் மெதுவாகத்தான் பேசினாள். "என் வேல சரியில்லன்னு நெனச்சிக்கினேன். வருசா வருசம் சேகர் சாராண்ட போய்க் கேப்பேன். பேரு அனுப்பிட்டேம்மா, மேல இருந்து வரலன்னுவார். பொய் சொல்றார்னு நெனச்சி மூணு வருசமா அவராண்ட சரியாவே பேசல. பாவம் அந்த மனுசன்."

அப்புறம் என்னை நேராகப் பார்த்தாள். "மூணு வருசம் கேக்காம எடுத்தீங்க. இப்ப கேக்காமப் போட்டீங்க. ரெண்டும் ஒண்ணுதான் மேடம்."

எழுந்து போய்விட்டாள். டிபனைத் திறக்கவே இல்லை.

நான் கவிதாவைப் பிடித்துக்கொண்டேன். நான் பெயர் அடித்ததை எழுத்தில் ஒப்புக்கொள்ளாமல், சனிக்கிழமைப் பயணத்தை மட்டும் காட்டி உயர்வு வாங்க முடியுமா, நீயே அவளிடம் பேசிப் பாரேன் என்றேன். கடலை உரித்துக்கொண்டே சொன்னாள்: "பாம்பும் சாவக் கூடாது, தடியும் முறியக் கூடாதுன்னா எப்டிக்கா? நீங்களே போய்க் கேளுங்க. கேக்கறதுன்னா இன்னான்னு தெரியும் இல்ல? அவ வேணாம்னா வேணாம். அதான் கேக்கறது."

என்னைவிடப் பதினைந்து வயது இளையவள். அபராதம் அவள் கட்ட வேண்டியதில்லை. நான்தான் கேட்டேனே.

பிப்ரவரி 20, வியாழன்

பட்டியலைக் கழற்றினேன். 'தலைமை' என்ற இடத்தை வெறுமையாக விட்டு வேறொன்று தட்டச்சு. முதல்வர், "என்ன மேடம், விளையாட்டா இருக்கா?" என்றார். என் தவறு சார் என்றேன். வாயிலிருந்து வந்துவிட்டபின் அப்படி ஒன்றும் கசக்கவில்லை.

வேதியியல் ஆய்வகத்துக்குப் போனேன். நஸ்ரீன் பியூரெட்டைக் கழுவிக்கொண்டிருந்தாள்.

"சனிக்கிழமை போறியா? தலைமை. வேணாம்னா சேகர் சார் போவார், யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க. போனாலும் போகாட்டாலும் பழைய மூணு வருசத்தப் பத்தி நான் எழுதிக் கையெழுத்துப் போட்டுத் தரேன்."

குழாயை நிறுத்தினாள். "யோசிச்சி சொல்றேன்."

அவ்வளவுதான். திரும்பி வந்தேன். பாப்பாவை நான் பார்த்துக்கொள்ளச் சொல்லவா, வீட்டுக்கு வந்து மாமியிடம் பேசவா, வேன் சீக்கிரம் திரும்ப ஏற்பாடு செய்யவா என்று நாக்கு நுனியில் ஆறேழு யோசனை. அத்தனையையும் விழுங்கினேன். வயிறு உப்பிவிட்டது.

பிப்ரவரி 21, வெள்ளி

மத்தியானம் வரை பதில் இல்லை. சேகர் சாரைப் பார்த்து மன்னிப்புக் கேட்டேன், எதற்கென்று முழுதாகச் சொல்லி. "அட வுடுங்க மேடம், அந்தப் பொண்ணு மொறைக்கறப்பல்லாம் நம்ம மூஞ்சியே அப்டித்தானோன்னு இருந்தேன்" என்றார்.

மூன்றரைக்கு நஸ்ரீன் வந்தாள். பேனா கேட்டாள். வெறுமை இடத்தில் தன் பெயரைத் தானே எழுதினாள், முனைவரோடு சேர்த்து.

"மாமியாண்ட நானே சொன்னேன். 'முன்னாடியே கேட்டிருந்தா நானே டிபன் கட்டிக் குடுத்திருப்பேனே, இதுக்கா மூணு நாளா மூஞ்சியத் தூக்கி வெச்சிக்கினு இருந்த'ன்னாங்க. பாப்பாவ அவங்களே ஸ்கூல்ல வுட்டுடுவாங்க. உடம்பெல்லாம் போன வருசமே சரியாய்டுச்சி அவங்களுக்கு." பேனாவைத் திருப்பித் தந்து, "ரெண்டு கண்டிசன். வேன் எங்க கடைக்கு முன்னாடிதான் நிக்கணும், எல்லாரும் பாக்கற மாதிரி. இன்னொண்ணு, மலையில நான் சொல்றதத்தான் நீங்க செய்யணும்."

சரி என்றேன். இன்னும் அவள் வாயில் 'அக்கா' வரவில்லை. வராமலே போனாலும் நான் சம்பாதித்ததுதான்.

பிப்ரவரி 22, சனி

காலை ஆறேகால். பாத்திரக்கடை வாசலில் வேன். மாமி அண்டா அளவுக்கு ஒரு தூக்கு கொடுத்தார், லெமன் சாதம். "இந்தாங்க டீச்சர், எல்லாருக்கும் இருக்குது. வழியில கண்டதத் துன்னாதீங்க." எதிர்க்கடைக்காரரிடம் உரக்கச் சொன்னார்: "எங்க மருமவதான் தலைமை."

கச்சிராயபாளையம் தாண்டி, அணை தாண்டி, ஏற்றம். கோமுகியில் தண்ணீர் பரவாயில்லை. நஸ்ரீன் முன் சீட்டில். என் வேலை: ஐஸ் பெட்டி சுமப்பது, பாட்டில்களுக்குச் சீட்டு ஒட்டுவது. ஒரு சீட்டைத் தலைகீழாக ஒட்டித் திட்டு வாங்கினேன், மாணவிகள் முன்னால். அவர்கள் சிரிப்பை அடக்கியது தெரிந்தது.

வெள்ளிமலைக்கு அப்பால் ஒரு சின்ன ஊர். பாறை இடுக்கில் ஊற்று, கல் கட்டிய தொட்டி. பாட்டிலை அதே தண்ணீரில் மூன்று முறை அலசி, பிறகுதான் பிடிக்க வேண்டுமாம். காற்றுக் குமிழ் இருக்கக் கூடாதாம். போன வருடங்களில் நாங்கள் கூல்டிரிங்ஸ் பாட்டிலில் பிடித்துப் போனோம். அதைச் சொன்னதும் நஸ்ரீன் கண்ணை மூடிக்கொண்டாள்.

குடத்தோடு வந்த பெண் எங்களைப் பார்த்து நின்றுவிட்டார். முப்பது வயது இருக்கும். "வருசா வருசம் வர்றீங்க. பாட்டில்ல புடிச்சிக்கிட்டுப் போறீங்க. தண்ணி நல்லதா கெட்டதான்னு ஒருத்தரும் திரும்பி வந்து சொன்னதில்ல. புள்ளைங்களுக்கு அடிக்கடி வயித்தால போவுது."

எனக்குத் தலை குனிந்துவிட்டது. நஸ்ரீன் எழுந்து நின்று அவர் முகத்துக்கு நேராகச் சொன்னாள்: "இதுவரைக்கும் சொல்லாதது தப்புதாங்க. வர்ற வியாழக்கெழம நானே வந்து சொல்றேன். அதுவரைக்கும் காய்ச்சிக் குடிங்க. உங்க பேரு இன்னாங்க?" பெயரை நோட்டில் எழுதிக்கொண்டாள்.

வியாழக்கிழமை உனக்குத் தேர்வு மேற்பார்வை இருக்கிறதே என்று வாயைத் திறந்தேன். மூடினேன். அவளுக்குத் தெரியாதா என்ன.

இறங்கும்போது மூன்றாவது வளைவில் எனக்கு வாந்தி. சேகர் சாரின் வாந்திக் கதைக்கு இனி சத்தியமாகச் சிரிக்க மாட்டேன். நஸ்ரீன் எலுமிச்சம்பழம் ஒன்றை நீட்டினாள். "மோந்து பாருங்கக்கா."

எலுமிச்சையைப் பிடித்துக்கொண்டு கொஞ்சம் அழுதேன். வாந்தியால் கண்ணில் தண்ணீர் என்று நினைத்திருப்பார்கள்.

பிப்ரவரி 23, ஞாயிறு

உடம்பு வலி. கடிதம் எழுதினேன், ஐந்து தடவை. முதல் நான்கிலும் 'நல்லெண்ணத்தில்' என்ற சொல் எப்படியோ வந்து உட்கார்ந்துகொண்டது. ஐந்தாவதில் இல்லை. 'துறை பரிந்துரைத்த இவரது பெயரை மூன்று ஆண்டுகளும் இவரைக் கேட்காமல் நான் நீக்கினேன். வாய்ப்பு மறுத்தது ஒருங்கிணைப்பாளராகிய என் தவறு.' அவ்வளவே.

"உம்பேர நீயே கெடுத்துக்கினு இருக்க" என்றார் இவர். ஆனால் பிழை இருக்கிறதா என்று அவரே படித்துப் பார்த்து, மடித்து உறையில் போட்டுக் கொடுத்தார்.

பிப்ரவரி 24, திங்கள்

மூன்று நாற்பதுக்குப் படிவங்கள் கொடுத்தாயிற்று. நஸ்ரீன் படிவத்தில் அந்தக் கட்டம் நிறைந்திருக்கிறது. கடிதம் இணைப்பில். முடிவு ஏப்ரலில்தான். பதவி உயர்வுக் குழு என்ன நினைக்குமோ, தெரியாது. என் படிவத்தைக் கவிதா என்னிடம் காட்டி, "இப்படி எழுதட்டுமாக்கா?" என்று கேட்டாள். 'ஆறு ஆண்டுகள் களப்பயணப் பட்டியல் தயாரித்தார். தயாரித்த முறை தவறென்று கண்டு மாற்றினார்.' எழுது என்றேன். ஒருங்கிணைப்பாளர் பொறுப்பு போனாலும் போகட்டும்.

சிவப்புப் பென்சிலைத் தேடினேன், உடைத்துப் போட. கிடைக்கவில்லை.

பிப்ரவரி 25, செவ்வாய்

மேகமூட்டம். மழை இல்லை. கேஸ் வந்துவிட்டது.

மார்ச்சில் இன்னொரு மலைப் பயணம், அதற்கு இந்த முறை பட்டியல் போடவில்லை. ஆசிரியர் அறைக் கதவில் வெள்ளைத்தாள் ஒன்று, மேலே 'மலைக்கு வர விரும்புகிறவர்கள் பெயர் எழுதவும்.' கயிற்றில் ஒரு பேனா. யார் எழுதப்போகிறார்கள், கடைசியில் சேகர் சாரைத்தான் கெஞ்ச வேண்டியிருக்கும் என்று நினைத்துக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

மதியம் வந்து பார்த்தால் ஒன்பது பெயர். ஏழு பெண்கள். விலங்கியலின் 'புதுக் கல்யாணம்' உண்டு. அவளுக்குக் கல்யாணமாகி நாலு வருடம் ஆகிவிட்டது. எல்லாவற்றுக்கும் மேலே முதல் பெயராக, கொட்டை எழுத்தில், ராஜேஸ்வரி மேடம். மே மாதம் ஓய்வு பெறுகிறார். இருபத்தெட்டு வருடம் இந்தக் கல்லூரியில், மாடி ஜன்னலில் தினம் அந்த மலையைப் பார்த்துக்கொண்டே பாடம் நடத்தியிருக்கிறார். ஒரு தடவை கூடப் போனதில்லையாம்.

நேரில் போய்க் கேட்டேன், வாய் சும்மா இருந்தால்தானே. "மேடம், உங்க முட்டிவலிக்கு மலை ஏறறது..."

கணக்குப் பேப்பர் திருத்திக்கொண்டிருந்தவர் மூக்குக்கண்ணாடிக்கு மேலாகப் பார்த்தார்.

"முட்டிவலியா? எனக்கா? அது எங்க வூட்டுக்காரருக்கும்மா."